இசைத்தட்டு முதல் கணிப்பொறி வரை

தமிழில் எழுதப்பட்டவற்றுள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டனவும் நம் காலம் வரை வந்து சேர்ந்திருக்கின்றன. மலைக் குகைகளிலும் பானை ஓடுகளிலும் கீறப்பட்ட எழுத்துக்களை அறிஞர்கள் இன்று படித்துப் பொருள் சொல்கிறார்கள். ஆனால் அவற்றைக் கீறியவர் எவ்வாறு பேசினார், ஓய்ந்த வேளையில் எதைப் பாடினார் என்பதை அறிய நமக்கு வழியில்லை. எழுத்து நின்றது, குரல் பேசியவருடனேயே போயிற்று. குரலையும் நிறுத்தி வைக்கலாம் என்னும் நிலை ஏற்பட்டு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளே ஆகின்றன. அச்சிறு வரலாற்றையும், அது நம் வீட்டு மேசைமீதுள்ள கணிப்பொறி வரை வந்து சேர்ந்த வகையையும் இங்கே காண்போம். வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் தனி அக்கறை உண்டு. நம் முன்னோரின் ஊர்ப்பேச்சும் தாலாட்டும் நம்முடன் ரயிலேறி வந்தன. அவற்றுள் பெரும்பகுதி எந்த ஏட்டிலும் இல்லை.

எல்லையிலுள்ள ஓர் ஊரிலிருந்து தொடங்குவோம். காரக்கோணம் என்பது கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்த சிற்றூர். பாறசாலையும் களியக்காவிளையும் அதற்குத் தொலைவில் இல்லை. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழியே திருத்தி அமைக்கப்பட்டன. அப்போது பழைய திருவிதாங்கூரைச் சேர்ந்த தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு நிலத்தைப் பிரித்ததே ஒழிய, மக்களின் பாட்டைப் பிரிக்கவில்லை. தெற்கே கோயில் கொடைவிழாக்களில் இரவெல்லாம் ஒலிக்கும் வில்லுப்பாட்டு, கோட்டுக்கு அப்பால் மலையாளத்தில் 'வில்லடிச்சான் பாட்டு' என்னும் பெயருடன் வழங்குகின்றது.

காரக்கோணத்தில் உள்ள மருத்துவக் கல்லூரி டாக்டர் ஹோவர்டு சோமர்வெல் என்பவரின் பெயரைத் தாங்கியது. அவர் நெய்யூர் மருத்துவமனையில் நெடுங்காலம் தொண்டாற்றிய அறுவை மருத்துவர். 1922, 1924 ஆகிய இரு ஆண்டுகளிலும் எவரெஸ்ட் மலையேறும் குழுவில் இடம் பெற்றவர். நம் பொருளுக்கு வேண்டியது வேறொரு செய்தி. திபெத்தில் கேட்ட நாட்டுப் பாடல்களை அவர் சுரக்குறிப்பாக எழுதிக்கொண்டு, மேனாட்டு வாத்தியங்களுக்கு ஏற்ப அமைத்தார். கையில் கருவி இல்லாதவர்க்குக் காதும் பேனாவுமே ஒலிப்பதிவுக் கருவிகளாக இருந்தன. சுரக்குறிப்பு இசையின் எலும்பைக் காப்பாற்றும். பாடினவரின் குரலையும், ஓரிடத்தில் அவர் மூச்சு வாங்கிய அழகையும் அதனால் காப்பாற்ற இயலாது. அவற்றைக் காக்கவே இயந்திரம் தேவைப்பட்டது.

அத்தகைய இயந்திரத்தை அமெரிக்காவில் எடிசன் 1877-ல் அமைத்தார். பதிந்த குரலைத் திரும்பவும் ஒலிக்கச் செய்த முதற் கருவி அதுவே. உருளையில் பதித்தவர் அவர். பத்து ஆண்டுகளுக்குப் பின் பெர்லினர் என்பவர் தட்டையான தட்டில் பதிக்கும் முறையைக் கண்டார். ஒரு மூலத்திலிருந்து ஆயிரக்கணக்கான தட்டுகளை அச்சிடலாம் என்பதால் உலகச் சந்தை தட்டையே ஏற்றுக்கொண்டது. 1902-ல் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்தார். அவ்வாண்டு நவம்பரில் அவருக்காகப் பாடியவர்களுள் புகழ் பெற்றவர் கௌஹர் ஜான். பெரிய கொம்பு போன்ற குழாயின் முன்னே நின்று, மூன்று நிமிடத்துக்குள் ஓர் இராகத்தை விரித்து முடித்து, இறுதியில் அவர் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கக் கூறினார். அத்தட்டுகள் அச்சாகவேண்டிய இடம் ஜெர்மனியின் ஹானோவர் நகரம். அங்கிருந்த தொழிலாளர் எந்தப் பாட்டு யாருடையது என்று அறிந்து பெயர்ச்சீட்டு ஒட்டுவதற்கு, குரலே தன் பெயரைச் சொல்லவேண்டியிருந்தது. 1908-ல் கல்கத்தாவிலேயே தட்டு அச்சிடும் ஆலை ஏற்பட்டது. எனினும் அந்த முதல் தட்டுகளின் இறுதியில் ஒலிக்கும் பெயரை நாம் நினைவிற் கொள்வோம். பின்னர் அது நமக்குப் பயன்படும்.

அக்காலத்தில் எந்தக் குரல் நிலைக்கவேண்டும் என்பதைத் தீர்மானித்தது சந்தை. விலைபோகும் பாட்டுக்குத் தட்டு உண்டு. கொடைவிழாவில் விடியும்வரை பாடும் அண்ணாவியை மூன்று நிமிடத் தட்டில் அடக்குவது எங்ஙனம்? விற்பனையை நோக்காத முயற்சியும் ஒன்று நடந்தது. கிரியர்சன் நடத்திய இந்திய மொழியியல் அளவாய்வின் தொடர்பாக 1913 முதல் 1929 வரை இந்நாட்டின் பல மொழிகளும் வட்டார வழக்குகளும் கிராமபோன் தட்டுகளில் பதிவாயின. அவற்றுட் பலவற்றில் கேட்பது ஒரே கதை. வீட்டை விட்டு வெளியூர் சென்ற இளைய மகன் எல்லாவற்றையும் இழந்து தந்தையிடம் திரும்பி வரும் விவிலியக் கதையே அது. மொழிகளை ஒப்பிட்டுக் காண்பதற்காக ஒரே கதையை எல்லாரிடமும் சொல்லச் செய்தனர். ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு அக்கதைத் தேர்வு சற்றே மனத்தைத் தொடுகின்றது.

1925-ஆம் ஆண்டையொட்டி மின்சார ஒலிப்பதிவு வந்தது. கொம்பு மறைந்தது, ஒலிவாங்கி அதன் இடத்தைப் பிடித்தது. மெல்லிய குரலும், தம்பூரின் கார்வையும் தட்டில் ஏறின. ஒலிவாங்கியே வானொலிக்கும் வாயில் ஆயிற்று. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-லும், திருச்சி நிலையம் 1939-லும் தொடங்கின. திருவிதாங்கூர் அரசு 1943-ல் திருவனந்தபுரத்தில் நிறுவிய நிலையம் 1950-ல் அகில இந்திய வானொலியுடன் இணைந்தது. பின்னர் 1984-ல் நாகர்கோவிலில் இந்நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் அமைந்தது. கோயில் முற்றத்து வில்லுப்பாட்டைக் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் நகர மேடைக்குக் கொணர்ந்தார். சுப்பு ஆறுமுகம் அதனை வானொலி வழியே தமிழகமெங்கும் பரப்பினார்; அவருக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பெற்றது. சந்தை ஒதுக்கிய கலைக்கு வானொலி இவ்வாறு ஓரளவு இடம் தந்தது.

இதுவரை சொன்ன பதிவுகளில் ஒரு பொதுத் தன்மை உண்டு. பாடுவோரும் வாசிப்போரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் கூடினர். ஒருவர் தவறினால் எல்லாரும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். இக்கட்டை முதலில் தளர்த்தியது சினிமா. 1938-ல் ஏவி. மெய்யப்பன் தயாரித்த 'நந்தகுமார்' படத்தில் ஒருவர் நடிக்க, அவருக்காக மற்றொருவர் பாடினார். தமிழ்த் திரையில் பின்னணிப் பாடலின் தொடக்கம் அதுவே என்பர். இரண்டாவது தளர்ச்சி ஒலிநாடாவால் வந்தது. ஜெர்மானியர் 1935-ல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் காந்த நாடாக் கருவியை உலகுக்குக் காட்டினர். போர் முடிந்தபின் அது அமெரிக்காவுக்கும் பிற நாடுகளுக்கும் பரவியது. நாடாவைக் கத்தரித்து ஒட்டலாம், பிழையை நீக்கலாம். அழித்துவிட்டு மறுபடியும் பதியலாம்.

நாடாவின் அகலத்தைப் பகுத்து, பக்கம் பக்கமாகத் தனித்தனி ஒலிகளைப் பதிக்கும் முறை அடுத்து வந்தது. கிதார் கலைஞர் லெஸ் பால் 1957-ல் எட்டு வரிசைகள் கொண்ட நாடாக் கருவியை ஆம்பெக்ஸ் நிறுவனத்திடமிருந்து பெற்றார். ஒவ்வொரு வரிசைக்கும் ஆங்கிலத்தில் 'டிராக்' என்று பெயர். மைய அரசில் மொழிபெயர்ப்புப் பணி செய்யும் நாம் இச்சொல்லுக்கு முன்னே சற்று நின்று எண்ண நேரிடும். ரயில் செல்லும் பாதையும் டிராக். ஓட்டப் பந்தயக்காரர் ஓடும் வரிசையும் டிராக். தமிழில் 'தடம்' என்பது நன்கு பொருந்துகின்றது. தடத்தில் சென்றவர் போய்விடுவார். அவர் சென்றதன் சுவடு நிற்கும். ஒலித்தடமும் அத்தகையதே. பாடகர் ஒரு தடம். மிருதங்கம் ஒரு தடம். வயலின் ஒரு தடம். இவை வெவ்வேறு நாட்களிலும் பதிவாகலாம். எல்லாவற்றையும் பின்னர் கலந்து ஒரே இசையாக்குவர்.

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். லெஸ் பால் எட்டுத் தடக் கருவியைப் பெற்ற அதே 1957-ல், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மாக்ஸ் மாத்யூஸ் என்னும் பொறியியலறிஞர் கணிப்பொறியைக் கொண்டு 17 விநாடி இசையை எழுப்பினார். கணக்குப் போடுவதற்கென்று அமைந்த ஐ.பி.எம். 704 என்னும் பெரும் பொறியே அதற்கு வாத்தியம். 1983-ல் 'மிடி' என்னும் பொது ஏற்பாடு வகுக்கப்பட்டது. வெவ்வேறு நிறுவனங்களின் மின்னணு வாத்தியங்களும் கணிப்பொறியும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள அது வழி செய்தது. மிடி ஒலியைக் கொண்டுசெல்வதில்லை. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தத்துடன் என்னும் குறிப்பையே அது கொண்டுசெல்கின்றது. சோமர்வெல் பேனாவால் செய்த வேலைக்கு அது நெருங்கிய உறவு எனலாம். தமிழ்த் திரையிசையில் 1986-ல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கணிப்பொறியின் துணையுடன் இசையமைத்தார். ஏ. ஆர். ரகுமான் கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டியே ஒலிப்பதிவுக்கூடம் அமைத்துக்கொண்டார். அங்கு உருவான 'ரோஜா' பாடல்கள் 1992-ல் நாடெங்கும் ஒலித்தன. ஒலிப்பதிவு பெரிய கூடங்களை விட்டு வீட்டு முற்றத்துக்கு வரத் தொடங்கிய காலம் அது.

மிடி குறிப்பை மட்டும் ஏந்தியது. குரலையே எண்ணாக மாற்றும் ஆற்றலும் அக்காலத்தில் வளர்ந்தது. குரல் காற்றில் அலையாகச் செல்கின்றது. அவ்வலையின் உயரத்தை ஒரு விநாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் எண்ணாகக் குறித்துக்கொண்டால் அலை முழுவதும் எண்வரிசை ஆகிவிடும். 1982-ல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டில் விநாடிக்கு 44,100 முறை அளப்பர். ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்பெறும். மனிதச் செவி கேட்கவல்ல உச்ச அதிர்வு விநாடிக்கு ஏறத்தாழ 20,000. அதனை இழக்காமல் பிடிக்க அதன் இருமடங்குக்கு மேற்பட்ட முறை அளக்கவேண்டும் என்பது கணித விதி. இவ்வேலைக்கான மென்பொருள்கள் முதலில் விலைமிக்கவையாக இருந்தன. 2000-ல் அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் பிறந்த 'ஆடாசிட்டி' என்னும் மென்பொருள் யாவருக்கும் விலையின்றிக் கிடைத்தது. பழைய எட்டுத் தடக் கருவியால் இயலாதனவற்றையும் இன்று ஓர் எளிய மடிக்கணிப்பொறி செய்கின்றது.

இவ்வாறு கருவி நம் கைக்கு வந்தபின், பதிவு செய்யும் முறையை நாம் அறிந்திருத்தல் நலம். எல்லைப்புறத்து வில்லுப்பாட்டுக் குழு ஒன்றைப் பதிவதாக வைத்துக்கொள்வோம். நடுவே வில்; அதன் நாணில் மணிகள் கோத்திருக்கும்; வீசுகோலால் அடித்துக்கொண்டு பாடுவார் தலைமைப் பாடகர். சுற்றிலும் குடம், உடுக்கை, தாளம், கட்டை. வலத்தே பாடுவோர் ஒரு புறம், இடத்தே பாடுவோர் மறுபுறம். முதலில் மென்பொருளில் புதிய கோப்பைத் திறந்து, விநாடிக்கு 48,000 அளவு, ஒவ்வோர் அளவுக்கும் 24 பிட் என்று வரையறுத்துக்கொள்ளவேண்டும். இக்கணக்கில் ஒரு தடத்துக்கு நிமிடத்திற்கு 8.64 மெகாபைட் இடம் வேண்டும். ஐந்து தடங்களை ஒரு மணி நேரம் பதிந்தால் ஏறத்தாழ 2.6 கிகாபைட் ஆகும். விடியும் வரை பாடுவதாயின் வட்டில் இடம் உண்டா என்று முன்னரே பார்த்துக்கொள்ளவேண்டும்.

அடுத்து, ஒவ்வோர் ஒலிவாங்கிக்கும் ஒரு தடம் அமைத்து, எந்த வாயில் எந்தத் தடத்துக்குச் செல்கின்றது என்பதைக் குறிக்கவேண்டும். பல ஒலிவாங்கிகளைக் கணிப்பொறியுடன் இணைக்க 'ஆடியோ இன்டர்பேஸ்' என்னும் சிறு பெட்டி தேவை. பின்னர்க் குழுவினரை மிக உரத்த பகுதியைப் பாடச் செய்து அளவுமானியைக் கவனிக்கவேண்டும். உச்சக் கோட்டைத் தொடாமல் 12 டெசிபெல் அளவு கீழே நிற்பது நல்லது. வீசுகோல் ஓங்கி விழும் வேளையில் அந்த இடைவெளி காப்பாற்றும். கோட்டைக் கடந்து உடைந்த ஒலியை எந்த மென்பொருளும் முழுமையாகச் சீராக்காது. ஒருவர் முன்னரே பதிந்த தடத்தைக் காதிற் கேட்டுக்கொண்டு மேலே பாடுவதாயின், கணிப்பொறி ஒலியைத் திருப்பி அனுப்பும் தாமதத்தையும் எண்ணவேண்டும். 256 அளவுகளைச் சேர்த்துச் சேர்த்துக் கையாளும்படி வைத்தால் அதனால் மட்டும் ஆகும் தாமதம் விநாடியில் ஆயிரத்தில் ஐந்து பங்கே; பாடுவோர் அதனைப் பெரும்பாலும் உணரார். 2,048 என்று வைத்தால் அஃது ஆயிரத்தில் நாற்பது பங்கைக் கடக்கும். தாளம் நழுவத் தொடங்கிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். தடங்களைத் தனித்தனியே பிரிக்கும் வசதி இருப்பதாலேயே கலைஞர்களையும் பிரித்து அமர்த்துவது தகாது. வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் முன்பாடகரின் முகத்தைப் பார்த்தே சொல்லை ஏந்துகிறார். கதை குறிப்பிட்ட கட்டத்தை எட்டும்போது கோயிலில் சாமியாடுவோர் எழுவர். அவ்வேளையில் பாட்டு நீளும், தாளம் விரையும். இதனை முன்கூட்டி அளந்து வைக்க இயலாது. ஆகவே எல்லாரையும் ஒன்றாக அமர்த்தி, ஒன்றாகவே பாடச் செய்து, ஒலிவாங்கிகளை மட்டும் அருகருகே வைத்துத் தடங்களைப் பிரிப்பதே முறை. குடத்தின் ஒலி உடுக்கைத் தடத்தில் சிறிது கசியும். கசியட்டும், அக்கசிவே அவர்கள் ஒன்றாக அமர்ந்திருந்தனர் என்பதற்குச் சான்று.

இனி, கௌஹர் ஜானின் பெயரை நினைவிற் கொள்வோம் என்று முன்னே சொன்னதற்கு வருவோம். 1860-ல் பிரான்சில் ஸ்காட் என்பவர் ஒலியலையைப் புகைக்கரி பூசிய தாளில் கீறச் செய்தார். கீறினதைத் திரும்ப ஒலிக்கச் செய்ய அக்காலத்தில் வழியில்லை. 2008-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் அத்தாளைக் கணிப்பொறியின் துணையால் பாடச் செய்தனர். முதலில் கேட்டது ஒரு சிறுமியின் குரல் என்று எண்ணினர். மறு ஆண்டு வேகத்தைக் கணக்கிட்டதில் பிழை இருந்தது தெரிந்தது. பாதி வேகத்தில் ஒலிக்கச் செய்தபோது, மெதுவாகப் பாடும் ஓர் ஆணின் குரல் வெளிப்பட்டது. அது ஸ்காட்டின் குரலே என்று கருதினர். எவர் பாடினார், எவ்வாறு பதிந்தார் என்னும் செய்தி குரலோடு சேர்ந்து வாராதபோது, அறிஞரும் ஆளை மாற்றி அறிய நேரிடுகின்றது. கருவியின் திறம் இதற்கு மருந்து ஆகாது.

இன்றைய மென்பொருளில் புதிய தடம் ஒன்றைத் திறந்தால் அதற்குக் கிடைக்கும் பெயர் பெரும்பாலும் 'ஆடியோ 1' என்பதுதான். அடுத்தது 'ஆடியோ 2'. அப்படியே சேமித்து வைத்த கோப்பு பத்து ஆண்டு கழித்துக் கைக்கு வந்தால், அதில் பாடுவது தாயின் தமக்கையா, அண்டை வீட்டு மூதாட்டியா என்று சொல்ல வீட்டில் எவரும் இருக்கமாட்டார். ஆகவே பதிவின் தொடக்கத்தில் பாடுபவரே தம் பெயரையும், ஊரையும், யாரிடம் கற்றார் என்பதையும், அன்றைய நாளையும் வாய்மொழியாகச் சொல்லட்டும். 1902-ல் ஹானோவர்த் தொழிலாளருக்காகச் செய்ததை நாம் நம் பேரர்களுக்காகச் செய்வோம். கோப்பின் பெயரிலும் அவற்றையே எழுதுவோம். சுருக்கப்படாத 'வேவ்' வடிவில் மூலத்தை வைத்துக்கொண்டு, உறவினர்க்கு அனுப்பச் சுருங்கிய 'எம்.பி.3' படியை எடுத்துக்கொள்வோம். மூலத்துக்கு இரண்டு படிகள், இரண்டு வெவ்வேறு இடங்களில் இருக்கட்டும்.

மும்பையின் தாராவியிலும், தில்லியின் கரோல்பாக்கிலும், பெங்களூரின் அல்சூரிலும் தமிழ் பேசும் முதியோர் பலர் இருக்கின்றனர். ஒருவர் நெல்லைச் சீமையின் பேச்சை வைத்திருக்கிறார். ஒருவர் வடார்க்காட்டுப் பேச்சை வைத்திருக்கிறார். காரக்கோணம் போன்ற எல்லையோர ஊர்களிலிருந்து வந்தவர், தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் கைகோக்கும் பேச்சை வைத்திருக்கிறார். இவர்களுடைய குரலுக்குத் தட்டு அச்சிட எந்தக் கம்பெனியும் வந்ததில்லை. இனி வரப்போவதும் இல்லை. எந்தக் குரல் நிற்கவேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை ஒரு நூற்றாண்டுக் காலம் கருவி படைத்தவர் கையில் இருந்தது. இன்று அக்கருவி நம் வீட்டில் இருக்கின்றது. வரும் ஞாயிறன்று மின்விசிறியை நிறுத்தி, சாளரத்தைச் சாத்தி, வீட்டிலுள்ள முதியவரின் வாயருகே ஒரு சாண் தொலைவில் ஒலிவாங்கியை வைத்து, "உங்கள் பெயரையும் ஊரையும் முதலில் சொல்லுங்கள்" என்று கேட்போமாக. எஞ்சியதை அவர்களே பாடுவார்கள்.